பதினாறு போர்த் துவக்கு

ஓர் இறாத்தல் பாண் வாங்கத் தெரிந்த எவருக்கும் துவக்கின் கணக்கு விளங்கும். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் உருண்டையாக வார்த்தால், அவ்வுருண்டை எந்தக் குழலினுள் அளவாகப் பொருந்துகிறதோ அக்குழல் 12 போர். 16 உருண்டையாக வார்த்தால் 16 போர். 20 ஆக வார்த்தால் 20 போர். ‘போர்’ என்றதும் யுத்தம் என்றோ வைக்கோற்போர் என்றோ வாசகர் எண்ணவேண்டாம். குழலின் துளைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. எம் நாட்டுக் கமக்காரரும் அதையே சொல்லிப் பழகிவிட்டனர். எண் பெருகப் பெருகத் துளை சிறுத்துக்கொண்டு போகும் என்பதே இதில் புதியவரை மயக்கும் சங்கதி.

இலங்கையில் இரட்டைக் குழல் துவக்கு என்றால் அது பெரும்பாலும் 12 போரே. எமது விருப்பமோ அந்தப் பெருவழியை விட்டு விலகி நின்ற எண்களின் மேலது. 16, 20, 24, 28 என்ற இலக்கங்களைத் தாங்கிய பழைய இரட்டைக் குழல்களைப் பற்றி எங்கே ஒரு குறிப்புக் கண்டாலும் வாசிப்பதும், கண்காட்சிச் சாலைகளில் கண்டால் கண்ணாடிக்கு அருகே நெடுநேரம் நிற்பதும் எமது வழக்கம். நாம் வேட்டைக்காரர் அல்லோம். உயிரைக் கொல்லும் கருவி ஒன்றில் இத்தனை ஈடுபாடு எதற்கு என்று வீட்டார் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கின் அழகைச் சொல்லவேண்டும். 12 போரின் துளை 18.5 மில்லிமீற்றர், 16 போரின் துளை 16.8, 20 போர் 15.6, 28 போர் 14. எண் இரு மடங்கானால் துளை பாதியாகிவிடும் என்று நினைப்பது தவறு. உருண்டையின் பாரம் அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதால், 12 என்பது 24 ஆகும்போது துளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே குறைகிறது. இவ்வரிசைக்குப் புறம்பாக நிற்பது 410 என்று வழங்கும் மிகச் சிறிய துவக்கு ஒன்றே. அந்த எண் உருண்டைக் கணக்கு அன்று; ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்ததில் 410 பங்கு என்ற நேர் அளவு.

இவற்றுள் 16 போருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஓர் இறாத்தலுக்கு 16 அவுன்சு. ஆகவே 16 போரின் உருண்டை சரியாக ஓர் அவுன்சு. வேறு எந்த இலக்கத்திலும் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வந்து விழுவதில்லை. எம் முன்னோரும் பதினாறால் வகுத்தே கீழ்வாய்க் கணக்குச் சொன்னார்கள். பதினாறில் ஒரு பங்கு அவர்களுக்கு வீசம். இங்கிலாந்தின் பழைய வேட்டைத் தோட்டாக்களில் இட்ட சன்னத்தின் பாரத்தைப் பார்த்தால் அந்த வாய்பாடு நினைவுக்கு வரும். 12 போருக்கு ஒன்றே வீசம் அவுன்சு. 16 போருக்கு முக்காலே மூன்று வீசம். 20 போருக்கு முக்காலே வீசம். 28 போருக்கு அரையே வீசம். பேர்மிங்காமில் தோட்டா அடைத்தவனுக்கும் திண்ணைப் பள்ளியில் வாய்பாடு ஒப்பித்தவனுக்கும் கணக்கு ஒன்றாக இருந்திருக்கிறது.

முன்னொரு காலத்தில் எந்த இலக்கமும் அபூர்வமாக இருக்கவில்லை. குழலின் வாய்வழியே மருந்தும் ஈயமும் இட்டுக் கெட்டித்த நாட்களில் ஒவ்வொருவனும் தன் துவக்குக்குத் தானே குண்டு வார்த்துக்கொண்டான். ஆகவே கொல்லன் எந்த அளவில் குழல் கடைந்தாலும் குறையில்லை. 11, 13, 14, 15, 17, 19 என எல்லா எண்களும் வழங்கின. இங்கிலாந்தில் அக்காலத்தில் 14 போர் மிகுதியாகக் காணப்பட்டது. எமது நாட்டிலும் அந்த வழக்கத்துக்குச் சான்று உண்டு. நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கை வேட்டையைப் பற்றி எழுதி 1854 இல் வெளிவந்த நூலில் தம் ஆயுதங்களைக் கூறுமிடத்து, 4 அவுன்சுத் துவக்கு என்றும் 2 அவுன்சுத் துவக்கு என்றும் குண்டின் பாரத்தாலேயே பெயரிடுகிறார். அவை 4 போர், 8 போர் ஆகும். அவரது 4 அவுன்சுத் துவக்கின் பாரம் 21 இறாத்தல். யானைகளைக் கணக்கின்றிக் கொன்ற காலம் அது. அந்தப் பேரெண்ணிக்கையில் எமக்கு மகிழ்ச்சி இல்லை. பெயரிட்ட முறையையே இங்கு எடுத்துக் காட்டினோம்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது தோட்டா. பாரிசைச் சேர்ந்த லெபோஷோ என்பவர், குழலை நடுவே மடித்துப் பின்புறமாகத் தோட்டாவை இடும் துவக்கை 1830களில் ஆக்கினார். 1851 இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவ்வகைத் துவக்கைக் கண்ட ஆங்கிலக் கைவினைஞர் அதைத் தம் நாட்டிற் செய்யத் தொடங்கினர். 1875 இல் பேர்மிங்காமில் அன்சன், டீலி என்னும் இருவர் பூட்டுப் பொறியை எளிமையாக்கினர். அதன்பின் இரட்டைக் குழல் துவக்கு நடுத்தர வருமானக்காரரின் கைக்கும் எட்டியது. ஆயின் தோட்டாவைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது பதினைந்து அளவுகளில் செய்ய எந்த முதலாளி விரும்புவான்? சில எண்கள் நிலைத்தன; பல எண்கள் மறைந்தன. ஒரு காலத்தில் ஓங்கியிருந்த 14 போர் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. 12 போர் அரசனாயிற்று. துவக்கு தோட்டாவைத் தேடிய காலம் போய், கடையில் இருக்கும் தோட்டா துவக்கைத் தீர்மானிக்கும் காலம் வந்தது.

மற்றைய எண்கள் எங்கே ஒதுங்கின என்று பார்ப்பது சுவையான ஆராய்ச்சி. இங்கிலாந்தில் 20, 28 ஆகியன பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியன எனப்பட்டன. அரும்பொருட் சாலைகளுக்குப் பறவை சேர்த்தோர், தோலும் இறகும் சிதையாதிருக்க மிகச் சிறு குழல்களில் தூள் போன்ற சன்னத்தை இட்டனர். ஐரோப்பாவின் நிலப்பகுதியிலோ கதை வேறு. ஜெர்மனியிலும் பிரான்சிலும் 16 போர் அபூர்வப் பொருளாக இருக்கவில்லை. அது குடியானவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சாதாரணத் துவக்கு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும், பிரான்சின் செந்தெத்தியேன் நகரிலும் அவை ஏராளமாகச் செய்யப்பட்டன. 1885 இல் செந்தெத்தியேனில் தொடங்கி, ஒரு நூற்றாண்டின் பின் 1985 இல் மூடப்பட்ட மனுபிரான்ஸ் நிறுவனம் துவக்கையும் துவிச்சக்கர வண்டியையும் தபால் மூலமே நாடெங்கும் விற்றது. எனவே ‘அபூர்வம்’ என்பது துவக்கில் இல்லை. அதைப் பார்ப்பவன் எந்த ஊர்க் கடைவாசலில் நிற்கிறான் என்பதிலே இருக்கிறது.

சிறிய இலக்கங்களை விரும்புவோர் கூறும் காரணங்களில் முதன்மையானது பாரம். சன்னத்தின் பாரத்தைப் போல் 96 மடங்கு துவக்கின் பாரம் இருந்தால் தோளில் உதைப்பு மிகாது என்பது கிறீனர் என்ற ஆங்கிலத் துவக்கு வினைஞரின் பெயரால் வழங்கும் பழைய விதி. ஓர் அவுன்சு சன்னத்துக்கு 96 அவுன்சு, அதாவது 6 இறாத்தல். ஒன்றே வீசத்துக்கு 6 இறாத்தல் 6 அவுன்சு. முக்காலே மூன்று வீசத்துக்கு 5 இறாத்தல் 10 அவுன்சு. 12 அவுன்சு வித்தியாசம் ஒரு பெரிதா என்று நாற்காலியில் இருந்து கேட்கலாம். விடியற்காலையில் வரம்பின்மேல் மூன்று மைல் நடந்தவனைக் கேட்டால் பெரிது என்பான். மேலும், தன் அளவுக்கென்றே வார்த்த உடலில் அமைந்த 16 போர், குழல் முதல் பிடங்கு வரை ஒல்லியாக இருக்கும். பெரிய துவக்கின் உடலில் சிறிய குழலைப் பூட்டிய மலிவான வகைகளும் உண்டு. அவற்றில் இந்த நயம் இராது.

ஆனால் இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்லலாகாது. சிறு துளைத் துவக்குக்கு மந்திரசக்தி ஒன்றுமில்லை. ஆறாம் நம்பர்ச் சன்னம் ஆங்கிலக் கணக்கில் ஓர் அவுன்சுக்கு 270. அந்தச் சன்னம் ஒன்று, ஒரே வேகத்தில் புறப்பட்டால், 28 போரிலிருந்து வந்தாலும் 12 போரிலிருந்து வந்தாலும் ஒரே வலிமையோடுதான் தைக்கும். எண்ணிக்கையிலேதான் வேறுபாடு. குறைந்த எண்ணிக்கையுடன் குறி தவறாதிருக்க வேண்டுமானால், சுடுபவன் அருகே செல்லவேண்டும், பொறுத்திருக்கவேண்டும், ஐயமான இடத்தில் விசையைத் தொடாதிருக்கவேண்டும். சிறிய இலக்கம் தன் சொந்தக்காரனுக்குக் கற்பிக்கும் பாடம் இது.

16 போரின் வீழ்ச்சிக்கு அமெரிக்கா ஒரு காரணம் என்பர். 1920களில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் தோன்றிய ‘ஸ்கீற்’ என்ற மண்தட்டுச் சுடும் போட்டியில் 12, 20, 28, 410 என நான்கு பிரிவுகள் அமைந்தன. பதினாறுக்கு இடமில்லை. போட்டியில் இடமில்லாத இலக்கத்துக்குத் தோட்டாக்காரர் புதுமை செய்யவில்லை. ஒரு புறம் 12 போர் இலேசாகிக்கொண்டு வந்தது. இலண்டனில் சாள்ஸ் லங்காஸ்ரர் நிறுவனம் 20 போரின் பாரத்தில் 12 போர் செய்து ‘பன்னிரண்டு-இருபது’ என்றே பெயரிட்டு விற்றது. மறு புறம் 20 போருக்கு நீண்ட தோட்டா வந்து அது வலிமை பெற்றது. இரு அண்ணன்மார்க்கு இடையில் அகப்பட்ட நடுப்பிள்ளையின் கதியாயிற்று பதினாறுக்கு. இன்று அந்நாட்டிற் சேகரிப்போர், 1934 இல் ரெமிங்ரன் நிறுவனத்துக்குக் கைமாறிய பாக்கர் சகோதரர் தொழிற்சாலையின் பழைய 28 போர் இரட்டைக் குழலுக்கு 12 போரிலும் பன்மடங்கு விலை கொடுக்கின்றனர். அன்று வாங்க ஆளில்லாமையே இன்றைய விலைக்குக் காரணம்.

எமக்கு இந்த ஈடுபாடு புத்தகத்திலிருந்து வரவில்லை. வன்னியில் கமம் செய்த எமது அம்மானிடம் 16 போர் இரட்டைக் குழல் ஒன்று இருந்தது. நாடு திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடமிருந்து, அனுமதிப்பத்திரம் முறைப்படி மாற்றி, அவர் வாங்கியது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அந்தப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க அவர் பயணம் போவது கோயிற் கொடியேற்றம் போலத் தவறாது நடக்கும். குழல்களைக் கழற்றி எண்ணெய் பூசும்போது அடிப்புறத்தை எமக்குக் காட்டுவார். முட்டை வடிவக் கோட்டினுள் ஈ.எல்.ஜி. என்ற மூன்றெழுத்தும் ஒரு விண்மீனும் பொறித்திருக்கும். அது லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. 1672 இலேயே அந்நகரிற் குழற்சோதனைக்குக் கட்டளை பிறந்துவிட்டது. வழக்கத்திலும் மிகுதியான மருந்திட்டு வெடிக்கவைத்து, குழல் தாங்கினால் மட்டுமே முத்திரை இடுவர். பக்கத்தில் வைர வடிவக் கட்டத்தினுள் 16 என்ற எண். அந்த எழுத்துக்களை எழுத்துக் கூட்டி வாசித்த நாளிலிருந்து எமக்கு இந்தப் பித்து.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது 12 போர்த் தோட்டாவே அருமையாயிற்று. 16 போர் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நெற்கதிர் முற்றும் பருவத்தில் பன்றி இறங்கி ஓர் இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். அயலார் சிலர், குழலை அகட்டிப் 12 போர் ஆக்கிவிட்டால் எவனிடமாவது தோட்டா மாறலாமே என்று யோசனை சொன்னார்கள். அம்மான் அந்த யோசனையுடன் துவக்குத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் போனார். அவர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார். “தம்பி, இதை நான் அகட்ட மாட்டன். அகட்டினால் உமக்குத் துவக்கும் இராது, துவக்குப் பிடிக்கிற கையும் இராது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பள்ளிக்கூடக் கணக்குச் சொல்லவில்லை. நாம் பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 18.5 இலிருந்து 16.8 ஐக் கழித்தால் 1.7 மில்லிமீற்றர். இரு புறமும் பங்கிட்டால் சுவரில் 0.85 மில்லிமீற்றரைச் சுரண்டவேண்டும். பழைய இரட்டைக் குழல்களின் சுவர் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருப்பதுண்டு. எஞ்சுவது கடதாசி போன்ற உலோகம். விரல் நுனியால் அந்த முதியவர் அறிந்தது இதுதான்.

இலக்கம் மாறினால் வரும் ஆபத்து இதனோடு முடிவதில்லை. 20 போர்த் தோட்டாவை 12 போரில் தவறுதலாக இட்டால் அது உள்ளே வழுக்கிச் சென்று குழலில் அடைபட்டு நிற்கும். பின்புறம் வெறுமையாகத் தோன்றுவதால் சுடுபவன் வேறொரு 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையைச் சிதைக்கும். 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்திற் செய்யும் வழக்கம் இந்த அபாயத்தைத் தடுக்கவே வந்தது. கரி மருந்துக்கென முறுக்கு இரும்பிற் செய்த பழைய குழல்களில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவை இடுவதும் இதற்கொத்த அபாயமே. பழம்பொருளை விரும்புவோர் இவற்றை அறியாதிருக்கலாகாது.

அம்மான் துவக்கை அகட்டவில்லை. கைவசம் எஞ்சிய எஸ்.ஜி. தோட்டாக்களைப் பிஸ்கற் தகரம் ஒன்றில் வைத்து எண்ணிச் செலவிட்டார். எஸ்.ஜி. என்பது ஓர் அவுன்சுக்கு எட்டே கொள்ளும் பெரிய சன்னம். காவற் கொட்டிலில் விடிய விடிய விழித்திருந்து, தகரம் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் பன்றியைக் கலைப்பார். தட்டியும் போகாத பன்றிக்கே தோட்டா. ஒரு போகத்துக்கு இரண்டுக்கு மேல் வெடித்ததாக எமக்கு நினைவில்லை. அயலில் தாராளமாக வெடி வைத்தவர்களின் வயலை விட அவர் வயல் அதிகமாக அழிந்ததும் இல்லை. காட்டில் மானைக் கண்டாலும் துவக்கைத் தோளுக்கு எடுக்கமாட்டார். “பிள்ளையள், இது வயலுக்குக் காவல், வாய்க்கு இல்லை” என்பது அவர் வாக்கு. அருமைப்பட்ட தோட்டா அவரை அப்படி ஆக்கியதோ, அவர் சுபாவமே அதுவோ, நாம் பிரித்தறியோம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன என்பது மட்டும் உண்மை.

1980களில் நாட்டின் நிலைமை மாறியது. உத்தரவு வந்தபோது அம்மான் துவக்கைத் துடைத்து, எண்ணெய் பூசி, சீலையிற் சுற்றிக் கொண்டுபோய் ஒப்படைத்தார். பற்றுச்சீட்டு ஒன்று கிடைத்தது, துவக்கு திரும்பவில்லை. அதன்பின் அந்த மண்ணில் எத்தனையோ வகைத் துவக்குகள் வந்தன. அவற்றின் இலக்கங்களைச் சிறுபிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். அவை எவையும் எம்மைக் கவரவில்லை. அவற்றின் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘துவக்கு’ என்ற சொல்லே கசப்பாயிருப்பதை நாம் அறிவோம். இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டு பக்கத்தைப் புரட்ட நினைத்த வாசகர் இருந்தால் அவர்மேல் எமக்கு வருத்தமில்லை.

வீட்டாரின் கேள்விக்கு எமது விடை இதுவே. கொல்லும் ஆற்றலை நாம் விரும்பவில்லை. அந்த ஆற்றலுக்கு அளவு வகுத்த மனத்தை விரும்புகிறோம். ஒருவன் தன் தோளின் வலிமை, நடக்கும் தூரம், காக்கவேண்டிய வயல் ஆகியவற்றை எண்ணி, இதற்கு மேல் வேண்டாம் என்று ஓர் அவுன்சோடு நிறுத்திக்கொண்டான். அவனுக்காக ஒரு கைவினைஞன் அந்த அளவுக்கே இரும்பைக் கடைந்து, வால்நட் மரத்தைச் செதுக்கி, ஒரு துவக்கைச் செய்தான். சோதனைச் சாலை அந்த அளவுக்கே முத்திரை இட்டது. உலகம் முழுவதும் ஒரே இலக்கத்துக்கு மாறிய பின்னும் அந்தத் துவக்கு தன் அளவிலேயே நிற்கிறது. அகட்டினால் அது 12 போர் ஆகாது. பழுதான 16 போரே ஆகும்.

இத்தகைய பழந்துவக்கு எவர் வசமேனும் சட்டப்படி இருக்குமாயின் நாம் சொல்லக்கூடியது சிறிதே. அடிப்புறத்து முத்திரைகளை முதலில் வாசியுங்கள். அறியாத தோட்டாவை இடாதீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் சுடாதீர்கள். சுடாமலே வைத்திருக்க முடியுமானால் அதுவே மேல். எக்காரணம் கொண்டும் அதை வேறொன்றாக மாற்ற முனையாதீர்கள். பெரியோர் மணமக்களைப் பதினாறும் பெற்று வாழ்க என்று வாழ்த்துவார்களே அன்றிப் பதினேழு என்று ஒருபோதும் சொல்வதில்லை. போதும் என்ற எண் ஒன்று எல்லாவற்றுக்கும் உண்டு.